சவுக்குத் தோப்பும் மல்லாட்டைக் கொல்லையும்

கெடிலத்திற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கிடக்கும் பூமியைச் சர்க்கார் தஸ்தாவேஜுகள் ஒரே ஜில்லாவாகக் காட்டினாலும், அதை உழுது பயிரிடும் குடியானவர்களுக்கு அது எக்காலத்திலும் இரண்டு தேசங்களாகவே இருந்து வந்திருக்கிறது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நன்செய் நிலங்களுக்குக் காவேரியின் கடைமடை நீர் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை அடைந்து, அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து செல்லும் அந்நீர், வயலை நனைப்பதோடு நில்லாமல் மேற்குப் பிரதேசங்களின் வண்டலையும் சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போகிறது. வெள்ளாற்றைக் கடந்து வடக்கே பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று கடலோரமாகக் கடலூர் வரை நீளும் மணற்கொல்லைகளுக்கும், அவற்றுக்கு மேற்கே குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கங்களில் எழும்பியிருக்கும் செம்மண் மேடுகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அந்த நிலங்களில் மகசூலோடு சேர்ந்து வெளியேறும் சாரத்தை எந்த ஆறும் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. அதை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள், கொடுத்ததை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மணற்கொல்லையின் ஸ்வபாவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இப்பிரதேசத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றோடு வந்து, சில வருஷங்களில் புயலாகவே வந்து, சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். களிமண் நிலமாயிருந்தால் அந்த நீரையும் அதில் கரைந்த சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்கோ பிடித்து வைக்கும் சக்தி இல்லை. குடியானவன் கோடையெல்லாம் சேர்த்து வைத்திருந்து வண்டியிலேற்றி வந்து இறைத்த தொழு எருவின் சாரம், ஒரு பெருமழையில் கம்பு, கேழ்வரகின் வேர் எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும். மேல்மண்ணில் ஒரு முழ ஆழத்திற்குள் வாழும் பயிருக்கு அது தொலைந்த பொருள். ஆழத்தில் வேர் செலுத்தும் மரத்துக்கு அது தொலைந்த பொருள் ஆகாது. இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சரித்திரம் முழுவதும் தெளிவாகப் புரியும்.

பழைய காலத்துப் புன்செய்க்காரர்கள் இந்த நஷ்டத்தை ஈடுசெய்யப் பலவிதமாக முயன்று பார்த்தவர்கள். வரகோடும் கம்போடும் துவரையையும் ஆமணக்கையும் கலந்து விதைத்தார்கள். தானியம் அறுவடையான பிறகு மாதக்கணக்கில் நிலத்தில் நிற்கும் துவரை, தன் வேரால் மண்ணைப் பிளந்து, தன் இலையால் அதை மூடி வைத்தது. ஏரி வற்றிய கோடையில் வண்டல் வெட்டி வந்து அடித்தார்கள். ஆட்டுக்காரருக்கு நெல்லோ பணமோ கொடுத்து, இரவுகளில் கொல்லையில் கிடை மடக்கச் சொன்னார்கள். இவை எதற்கும் வழியில்லாதவர்கள் நிலத்தைத் தரிசு போட்டு, புல்லும் கொழுஞ்சியும் ஆவாரையும் தாமாக முளைத்துப் பூமியைத் தேற்றட்டும் என்று காத்திருந்தார்கள். தரிசு என்பது ஏழையின் எரு. ஆனால் ரயத்துவாரி முறையில் பட்டா நிலத்துக்கு, அது விளைந்தாலும் வெறுமனே கிடந்தாலும் பெரும்பாலும் தீர்வை கட்டியாக வேண்டியிருந்ததால், அந்த எருவும் நாளாவட்டத்தில் விலையுயர்ந்த எருவாகிவிட்டது.

இதில் எனக்கு மிகுந்த துயரம் தருவது ஒன்றுண்டு. தமிழ்நாடு முழுவதிலும் காடும் மேடும் கொடுத்த தழையெல்லாம் காலங்காலமாக நன்செய்க்கே போய்ச் சேர்ந்தது. தழை உரம் என்றால் நெல் வயலில் போட்டு மிதிப்பது என்றுதான் எல்லோரும் அறிவார்கள்; அந்தத் தழை எந்த மேட்டில் ஒடித்தது, அந்த மேடு பிறகு என்னவாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. ஏற்கனவே ஆற்றின் வண்டலைப் பெற்ற நிலத்திற்கு, ஒன்றும் பெறாத நிலம் தன் தழையையும் கொடுத்தது. ஆடுமாடுகளின் சாணமோ வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. வறட்டி தட்டாமல் சாணத்தை எருக்குழியில் போட வேண்டுமானால் அடுப்புக்கு விறகு வேண்டும். விறகோ, இந்தப் பூமி அடங்கியிருந்த தென்னாற்காடு ஜில்லாவின் கடலோரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்தற்கரிய சரக்காகிக்கொண்டு வந்தது.

அதற்குக் காரணமானவற்றுள் பரங்கிப்பேட்டை இரும்பாலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னை ராஜதானியில் கும்பினி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசியா மார்ஷல் ஹீத் என்பவர், 1830களில், சேலத்துக் கனிமத்தைக் கொண்டுவந்து வெள்ளாற்று முகத்துவாரத்தில் உருக்கி, ஐரோப்பிய முறையில் இரும்பு செய்ய முற்பட்டார். உலையை எரிக்க நிலக்கரி இல்லை, மரக்கரிதான். அந்தக் கரிக்காகத் தென்னாற்காட்டின் காடுகளில் மரம் வெட்டும் உரிமையை அவருடைய ஸ்தாபனம் பெற்றிருந்தது. இரும்பு நல்ல இரும்பாகவே வந்தது, சீமைக்கும் ஏற்றுமதியாயிற்று. ஆனால் ஒரு உலை ஒரு நாளைக்கு விழுங்கும் கரியை ஒரு காடு ஒரு நாளைக்கு வளர்த்துக் கொடுத்துவிட முடியாது. கரி வரவேண்டிய தூரம் வருஷத்துக்கு வருஷம் அதிகமாக, செலவும் அதிகமாக, கை மாறிக் கை மாறிக் கடைசியில் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று பரங்கிப்பேட்டையில் அதைப்பற்றி விசாரித்தால் விவரம் சொல்லக்கூடியவர்கள் அநேகமாக இல்லை. மரத்தை மறுபடி வளர்க்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் மரத்தை நம்பித் தொழில் நடத்தினால் என்னாகும் என்பதற்கு இந்த ஜில்லாவில் கிடைக்கும் முதல் பெரிய சாட்சி அதுதான்.

கொல்லையில் அப்போது விளைந்துகொண்டிருந்த வியாபாரப் பயிர் அவுரி. கடலூர் துறைமுகத்தின் வழியாகவும் புதுச்சேரி வழியாகவும் தென்னாற்காட்டு நீலம் அயல்நாடுகளுக்குப் போயிற்று. இலையை ஊற வைத்துச் சாயத்தை எடுத்துக்கொண்ட பிறகு தொட்டியில் மிஞ்சும் சக்கை அருமையான உரம். குடியானவர்கள் அதை வயலுக்கு விரும்பி வாங்கினார்கள். அவுரியோ பயறு வகையைச் சேர்ந்த செடி. காற்றிலுள்ள தழைச்சத்தைத் தன் வேர் முடிச்சுகளில் சேர்க்கும் குணமுடையது. தழைச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு நாட்டிலேயே தங்க, கப்பலேறியது நீலம் மாத்திரமே. இவ்விதமாக, வியாபாரத்திற்காக விளைவித்தும் மண்ணை ஒரேயடியாக வறுமைப்படுத்தாத ஒரு பயிரை அக்காலத்துத் தென்னாற்காடு பெற்றிருந்தது. 1897இல் ஜெர்மனியின் ரசாயனச் சாலையிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் சில வருஷங்களுக்குள் அவுரி வியாபாரம் படுத்துவிட்டது.

அந்த இடத்தை மணிலாக்கொட்டை என்கிற நிலக்கடலை பிடித்தது. இல்லை, அவுரி போவதற்கு முன்பே பிடிக்கத் தொடங்கியிருந்தது. கடலூர் ஜனங்கள் வாயில் மல்லாட்டை என்று வழங்கும் இந்தப் பயிர், மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புப் பட்டறைகளுக்கும் வேண்டியிருந்தபடியால், புதுச்சேரிப் பிரெஞ்சு வியாபாரிகள் மூலமாக இந்தக் கொல்லைகளில் பரவிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் பிரயாணம் சுருங்கி, வியாபாரம் பன்மடங்கு பெருகிற்று. மல்லாட்டையும் பயறு ஜாதிதான். அதன் வேரிலும் முடிச்சு உண்டு. ஆயினும் அவுரி விட்டுவைத்ததைப்போல் இது விட்டுவைப்பதில்லை. அறுவடையென்பது செடியை வேரோடு பிடுங்குவது. காய் வியாபாரிக்கு, கொடி மாட்டுக்கு, எண்ணெயும் பிண்ணாக்கும் கடல் கடந்து போய்விடும். நிலத்துக்கென்று மிஞ்சுவது உதிர்ந்த சில இலைகளும் பிடுங்கிய குழிகளுமே. வருஷா வருஷம் ஒரே கொல்லையில் இதைப் போட்டவர்கள், முதல் சில வருஷங்களில் கண்ட பணத்தைப் பின்னால் காணவில்லை.

1890களில் தென்னாற்காட்டின் மல்லாட்டைச் சாகுபடி மளமளவென்று குறைந்தது. விதை சீரழிந்துபோயிற்று என்றார்கள், இலைப்புள்ளி நோய் என்றார்கள், மழையின்மை என்றார்கள், மண் களைத்துவிட்டது என்று குடியானவர்கள் சொன்னார்கள். மொரீஷியஸ் என்ற பெயரில் வந்த புது விதையைப் பாரி கம்பெனியார் தருவித்துக் கொடுத்தபின் சாகுபடி மீண்டது. 1905இல் கடலூருக்கு அருகே பாலூரில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டபோது, அங்கே முதன்மையாக எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம் மல்லாட்டையே. விதையின் குற்றத்தை விதை தீர்த்தது. மண்ணின் குற்றம் என்று குடியானவர்கள் சொன்னதற்குத் தீர்வு வேறொரு திசையிலிருந்து, ஒருவரும் எதிர்பாராதபடி வந்தது.

அந்தத் திசையை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1856இல் சென்னை ராஜதானியில் வனப் பராமரிப்பு இலாகா ஒன்று ஏற்பட்டு, ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் அதற்கு முதல் அதிகாரியானார். அதே வருஷத்தில்தான் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. இந்த இரண்டு சம்பவங்களும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலாயினும், அவற்றின் விளைவுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. எஞ்சினுக்கு விறகு வேண்டும். தண்டவாளத்துக்கடியில் போடக் கட்டை வேண்டும். வங்காளத்து நிலக்கரி இன்னும் தெற்கே தாராளமாக வரவில்லை. உப்புக்காற்றிலும் மணலிலும் வளர்ந்து, சில வருஷங்களில் வெட்டுக்கு வந்துவிடும் மரம் ஏதாவது உண்டா என்று தேடியபோது, ஆஸ்திரேலியாவிலும் கீழ்க்கடல் தீவுகளிலும் கடற்கரையில் இயற்கையாக வளரும் சவுக்கு அதிகாரிகளின் கண்ணில் பட்டது. 1860கள் தொடங்கிச் சோழமண்டலக் கடற்கரை நெடுக அது நடப்பட்டது. 1870களின் பிற்பகுதியில் செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சைக்கு ரயில் பாதை அமைந்தபோது, சவுக்கை வாங்குவோரும் ஏற்றிச் செல்லும் வண்டியும் குடியானவனின் கொல்லைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாற்போலாயிற்று.

சர்க்கார் நட்டது கொஞ்சம். குடியானவர்கள் நட்டதே அதிகம். அந்தச் சாகுபடியில் அவர்கள் காட்டிய நுட்பத்தைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். காய்களை வெயிலில் பரப்பினால், ஒவ்வொரு கண்ணறையும் வாய் திறந்து, மெல்லிய சிறகு வைத்த விதைகள் உதிரும். அவை எவ்வளவு நுண்ணியவையென்றால், ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள் இருக்கும். நாற்றங்காலில் தூவிய அன்றே எறும்புகள் அவற்றை இழுத்துக்கொண்டு போகத் தொடங்கிவிடும்; அதற்காகவே சாம்பல் தூவிக் காவல் காத்தார்கள். ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் பிடுங்கி மற்றொரு பாத்தியில் இடம் மாற்றி, அங்கே சில மாதம் வைத்திருந்து, ஐப்பசி மழையில் கொல்லைக்குக் கொண்டு சென்றார்கள். கஜத்துக்கொன்றாக, ஏக்கருக்கு நாலாயிரம் கன்றுக்குமேல் நடுவது இந்தப் பக்கத்து வழக்கம்.

மழை நின்ற பிறகுதான் பெரும்பாடு. மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும் இடங்களில் துரவு வெட்டி, அதில் சரிவாக இறங்கி, இரண்டு கைகளிலும் இரண்டு குடங்களை ஒரே சமயத்தில் அமிழ்த்தி மொண்டு ஏறி வந்து, கன்றுக்குக் கன்று நின்று, வேரடி மணல் அரித்துப் போகாதபடி குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டு போவார்கள். முதல் கோடை முழுவதும் இது நடந்தாக வேண்டும். இரண்டாவது கோடையிலும் தேவைப்படலாம். நாலாயிரம் கன்றுகளை ஒரு சுற்று முடிப்பதற்குள், முதலில் ஊற்றிய கன்று மறுபடி காய்ந்து நிற்கும். இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக. தோப்பைப் பற்றிய சர்க்கார் அறிக்கைகளில் கட்டை எடையும் கிரயமும் காணப்படும். அந்தக் குடங்களின் எண்ணிக்கை காணப்படாது. சோழமண்டலக் கடற்கரையின் சவுக்குத் தோப்புகள் தலைச்சுமையாலும் கைச்சுமையாலும் உண்டானவை என்று சொல்லுவது மிகையாகாது.

சரக்குக்கு அழிவில்லாத கிராக்கி இருந்தது. எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறிய பின்பும் சென்னைப் பட்டணத்தின் அடுப்புகள் சவுக்கிலேயே எரிந்தன. வடக்கே மரக்காணம் முதற்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாயில் படகிலும், தெற்கேயிருந்து ரயிலிலும் வந்த கட்டைகள் விறகுத் தொட்டிகளில் மலையாகக் குவிந்தன. கடினமானது, புகை குறைவு, நின்று எரியும் என்ற மூன்று குணங்களுக்காக இல்லத்தரசிகள் அதை விரும்பினார்கள். நேரான கழிகள் பந்தலுக்கும், ஓலைக் கூரைக்கும், கட்டடச் சாரத்துக்கும் போயின. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்டுப் பேருந்துகளில் கரிவாயு அடுப்புப் பூட்டி ஓட்டிய காலத்தில், விறகும் கரியும் விலை ஏறி, இளந்தோப்புகள்கூட வெட்டப்பட்டன.

இனி, இந்த மரம் எவ்வாறு பயிர்ச் சுழற்சிக்குள் நுழைந்தது என்பதைச் சொல்லுகிறேன். எந்த இலாகாவும் அதைத் திட்டமிட்டதாக எனக்குத் தெரியவில்லை. கன்று சிறிதாயிருக்கும் முதல் வருஷத்தில் இடைவெளியில் மல்லாட்டையோ, எள்ளோ, தர்ப்பூசணியோ போட்டால் கைச்செலவுக்கு ஆகும், ஆகவே போட்டார்கள். மல்லாட்டைக்குப் போட்ட எருவில் கன்றும் செழித்தது. இரண்டாம் வருஷம் நிழல் மூடிக்கொண்டுவிடும். அதன் பிறகு நாலைந்து வருஷம் அந்த நிலத்தில் கலப்பையும் இல்லை, களைக்கொத்தும் இல்லை. சடை சடையாக உதிரும் சருகு மணலை மூடிக்கொண்டே வரும். வெட்டு முடிந்ததும், வேர்க்கட்டைக்கும் விலை உண்டாகையால் அதையும் தோண்டி எடுப்பார்கள். அப்போதே நிலம் ஆழமாகக் கொத்திப் புரட்டப்பட்டுவிடும். அந்த நிலத்தில் மறுபடி மல்லாட்டை போட்டபோது, சவுக்கு நிற்காத பக்கத்துக் கொல்லையைவிட மேலான விளைச்சலைக் கண்டார்கள். கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. களைத்த கொல்லைக்குச் சவுக்கு, சவுக்கு வெட்டிய கொல்லைக்கு மல்லாட்டை என்பது கடலூர், சிதம்பரம் கடலோர கிராமங்களில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. தரிசு போட வசதியில்லாத ஒரு காலத்தில், கையில் பணத்தையும் கொடுக்கும் ஒரு தரிசைக் குடியானவர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்று நான் இதைக் கொள்ளுகிறேன். நூறு வருஷத்துக்குள், ஓர் அயல்நாட்டு மரத்தையும் மற்றோர் அயல்நாட்டுச் செடியையும் சேர்த்து, தங்களுடைய மணலுக்கு ஏற்ற ஒரு விவசாய முறையை உண்டாக்கிய அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்கு நம்முடைய விவசாய சரித்திரத்தில் உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

அவர்கள் கண்டதன் காரணத்தை விஞ்ஞானம் பின்னால்தான் சொல்லிற்று. நன்றாக வளர்ந்த ஓர் இளஞ்சவுக்கின் அடியில் மணலைக் கையால் மெல்ல விலக்கினால், மேல்வேர்களில் கொத்துக் கொத்தாகப் பழுப்பு நிற முடிச்சுகள் தென்படும். மல்லாட்டை வேரின் முடிச்சு கடுகளவாய், மிருதுவாய், அந்தப் பருவத்தோடு அழிவது. சவுக்கின் முடிச்சு மரத்தன்மையுடையது, வருஷத்துக்கு வருஷம் கிளைத்துக் கிளைத்து, சில சமயம் உள்ளங்கையில் அடங்காத அளவுக்குப் பெருக்கும். 1918இலேயே எம். ஜே. நரசிம்மன் என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் இந்த முடிச்சுகளைப் பற்றி வன சாஸ்திரப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அவற்றினுள் வாழும் நுண்ணுயிர் பயறு வகைகளின் பாக்டீரியாவன்று. பிராங்கியா என்ற வேறு இனம். அந்த இனத்தைச் செடிக்கு வெளியே தனியாகப் பிரித்து வளர்க்க, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முயன்றும் முடியாமலிருந்து, 1978இல்தான் அமெரிக்காவில் முதன்முறையாக, அதுவும் வேறொரு செடியின் முடிச்சிலிருந்து, வெற்றி கண்டார்கள். அதற்கு வெகுகாலத்திற்கு முன்பே, பழைய தோப்பின் அடிமண்ணை ஒரு கூடை அள்ளி வந்து புது நாற்றங்காலில் கலந்தால் கன்று தேறும் என்பது நாற்று விடுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு தழைச்சத்தை இந்த மரம் காற்றிலிருந்து இறக்குகிறது என்று அறிய, ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் செனகல் தேசத்து மணல்மேடுகளில் நட்ட சவுக்கைப் பிரெஞ்சு விஞ்ஞானி டொமெர்க் ஆராய்ந்து, ஹெக்டேருக்கு வருஷம் ஒன்றுக்கு 58 கிலோ என்று 1963இல் கணக்கிட்டார். நம் கணக்கில் அது ஏக்கருக்கு ஏறத்தாழ 23 கிலோ. ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றில் அடங்கியிருக்கும் தழைச்சத்து அவ்வளவே. கடலூர் மணலும் செனகல் மணலும் ஒன்றல்ல. மழையும் வேறு, மரநெருக்கமும் வேறு. எனினும், எருவே போடாத மணலில் ஒரு மரம் எந்த அளவில் உதவ முடியும் என்பதற்கு அது ஓர் அளவுகோலாக உதவும். இதைத் தவிர, பயிரின் வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிவிட்ட சத்தை மேலே கொண்டுவந்து சருகாக உதிர்க்கும் உபகாரமும் உண்டு.

ஆனால் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விடுவது நியாயமாகாது. சவுக்கு கொடுத்தது எவ்வளவோ, அவ்வளவுக்கும் வழிமறித்து நின்றது சந்தை. கட்டை ஏற்றியாயிற்று, கழி ஏற்றியாயிற்று, மிளாறு என்கிற மெல்லிய கிளைகளையும் கட்டுக் கட்டாகக் கட்டி ஏற்றியாயிற்று, வேர்க்கட்டையும் போயிற்று, மிஞ்சிய சருகைக்கூட அடுப்புக்காகத் துடைப்பத்தால் வாரிக்கொண்டு போகிற வழக்கம் ஏழைக் குடிகளிடம் இருந்தது. அவர்களைக் குறை கூற நான் துணியமாட்டேன்; அன்றைய உலை கொதிக்க வேண்டியிருந்தது. எனினும் மண்ணின் கணக்கு மனிதர் கஷ்டத்துக்காகத் தள்ளுபடி செய்வதில்லை. தழைச்சத்தைக் காற்றிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் காற்றில் இல்லை. அவை மண்ணிலிருந்து மரத்துக்கு ஏறி, மரத்தோடு பட்டணத்துக்குப் போய், சாம்பலாகிக் குப்பையில் சேர்ந்தால், கொல்லைக்கு அது நிரந்தர நஷ்டம். அதிலும் மெல்லிய கிளையிலும் இலைச்சடையிலும் பட்டையிலும்தான் சத்து மிகுதி, வயிரக்கட்டையில் குறைவு. ஆகவே, குறைந்த விலைக்கு விற்ற மிளாறே உண்மையில் கொல்லையிலிருந்து அதிகமாகக் கொண்டுபோயிற்று.

இதே விஷயத்தின் மற்றொரு பக்கத்தை, 1889 முதல் 1891 வரை இந்தியாவில் சுற்றி, 1893இல் இந்திய விவசாயத்தைப் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்ட டாக்டர் வோல்க்கர் எடுத்துக்காட்டினார். இந்தியக் குடியானவனின் திறமையை மனமாரப் பாராட்டிய அந்த ரசாயன நிபுணர், அவன் சாணத்தை எரிப்பது அறியாமையாலன்று, வேறு விறகில்லாமையால்தான் என்று கண்டு, கிராமத்துக்குக் கிராமம் விறகுக்கும் தீவனத்துக்கும் தோப்பு வைத்தால் சாணம் தானாகவே வயலுக்குப் போகும் என்று வற்புறுத்தினார். கடலூர்ப் பக்கத்தில் தோப்பு உண்டாயிற்று. ஆனால் கட்டை பட்டணத்துக்குப் போயிற்று. விளைவித்த ஊரார் மிளாற்றையும் சருகையும் எரித்து ஓரளவு வறட்டியை மிச்சம் பிடித்தார்கள். வோல்க்கர் கருதிய நன்மை பாதியளவே கிட்டிற்று என்று சொல்லலாம்.

சுழற்சியை மரமும் கோரியது என்பது கவனிக்கத்தக்கது. ஒரே இடத்தில் சவுக்கு மேல் சவுக்காக நட்டுக்கொண்டே போன தோப்புகளில், பட்டையில் கொப்புளம் எழும்பி, அது வெடித்துக் கரும்பொடி உதிர்ந்து, மரம் நுனியிலிருந்து காய்ந்து வரும் பூஞ்சண நோய் பற்றிக்கொண்டது. நோய் கண்ட கொல்லையில் வேரையெல்லாம் தோண்டியெடுத்து, சில வருஷம் வேறு பயிர் செய்வதே அனுபவஸ்தர்கள் கண்ட பரிகாரம். மல்லாட்டைக்குச் சவுக்கு எவ்வளவு வேண்டுமோ, சவுக்குக்கும் மல்லாட்டை அவ்வளவு வேண்டியிருந்தது.

மரத்தையும் பயிரையும் மாற்றி மாற்றி வளர்க்கும் முறை உலகில் வேறு இடங்களிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. சூடான் தேசத்தில் கோர்டோபான் என்னும் வறண்ட மாகாணத்து மணலில், கம்பும் எள்ளும் சில வருஷம் விளைவித்துவிட்டு, பிறகு அதே நிலத்தைப் பல வருஷங்களுக்குக் கோந்து வேலமரத்திற்கு விட்டுவிடுவார்கள். அந்த மரமும் தழைச்சத்தைச் சேர்ப்பது, அதன் கோந்தும் விலை போவது. நியூ கினி மலைநாட்டு மக்களோ, ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, காடழிந்து களைத்த கிழங்குக் கொல்லைகளில் சவுக்கையே, அதன் மலைநாட்டு இனத்தையே நட்டுவந்தார்கள் என்று வாகி பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் படிந்த மகரந்தத்தைக் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் நிச்சயித்திருக்கிறார்கள். அவர்கள் தோப்பை வெட்டியபோது சருகையும் கிளையையும் கொல்லையிலேயே விட்டார்கள். அவற்றை வாங்க அங்கே பட்டணமும் இல்லை, ரயிலும் இல்லை.

தென்னாற்காட்டு முறைக்கு மற்றொரு குறையும் உண்டு. நட்டு இரண்டு கோடை கழிந்தபின் சவுக்குக்கு ஆள் வேண்டியதில்லை. ஆகவே ஊரில் குடியிராத நிலச்சுவான்தாருக்கு அது மிகவும் சௌகரியமான பயிராயிற்று. கம்பும் கேழ்வரகும் விளைந்த கொல்லையில் களையெடுத்தும் அறுத்தும் கதிரடித்தும் கூலியாகத் தானியம் பெற்றுவந்த குடும்பங்களுக்கு, அந்தக் கொல்லை தோப்பாக மாறிய ஐந்து வருஷமும் வேலையில்லாத வருஷங்கள். நிலம் தேறிய அதே காலத்தில் அவர்கள் மெலிந்தார்கள். மண்வளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடலாகாது.

இந்நாளில் அந்தத் தோப்புகளின் விதி மறுபடி மாறியிருக்கிறது. சமையல் எரிவாயு வந்து விறகுத் தொட்டிகள் மறைந்தன. 1979இல் ஏற்பட்ட தமிழ்நாடு காகித நிறுவனம் போன்ற ஆலைகள் கூழுக்காகச் சவுக்கை வாங்குகின்றன. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் ஆராய்ச்சி நிலையத்தார், ஜாவா, தீமோர் தீவுகளின் ஜங்ஹூனியானா இனத்தையும் நம் கடற்கரைச் சவுக்கையும் கலந்து, விரைவில் பருக்கும் ஒட்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். பிராங்கியாவை உயிர் உரமாகவும் தயாரிக்கிறார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பலன் தர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அந்த மரங்களை மறுபடி வைக்க மனமில்லாதவர்களுக்கு, மூன்று நான்கு வருஷங்களில் வெட்டுக்கு வரும் சவுக்கு ஒரு வழியாக இருந்தது.

வெட்டும் காலம் இவ்வாறு குறுகிவருவது மண்ணுக்கு நல்லதன்று. இளமரத்தில் பட்டையும் கிளையும் விகிதத்தில் அதிகம். சருகு உதிர்ந்து மக்குவதற்குக் கிடைக்கும் அவகாசமோ குறைவு. ஆனால் அனுகூலமான மாறுதல் ஒன்றும் நிகழ்ந்திருக்கிறது. கூழ் ஆலைக்கு வேண்டியது பட்டை நீக்கிய கட்டை. அந்தப் பட்டையை வெட்டும் இடத்திலேயே உரித்துவிட்டால் அது கொல்லையில் தங்கும். வீட்டடுப்புக்கு வேண்டாமற்போன மிளாறு, செங்கற்சூளைக்காரர் வந்து கேட்காத வரையில், கொல்லையிலேயே கிடக்கும். அதைக் கொளுத்திவிட்டு உழுவது எளிது. கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போய்விடும். நறுக்கிப் பரப்பி, கார்த்திகை மழையில் மக்கவிட்டு, அதன்மேல் ஒரு போகம் உளுந்தோ காராமணியோ எடுத்துக்கொண்டு, அதன்பின் மல்லாட்டைக்குப் போவது அதிக வேலை, கூலியும் கூடும். ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவின் விலையோடு அந்தக் கூலியை ஒப்பிட்டுப் பார்த்து, கொளுத்துகிறவர்களே இன்று மிகுதி.